47ஆம் எண் என் அம்மா: மலையகத் தோட்டங்களுக்கு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மார்பு நோய்கள், புற்றுநோய், மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்கள் பற்றி ஆய்வு நடத்தும் பேராசிரியர்களுக்கும் வைத்தியர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. 2023இல் வந்த அதே ஆய்வுக் குழு இரண்டாம் கட்டத்துக்காக மறுபடியும் வருகிறது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் வேண்டும். இரத்தம் எடுப்பார்கள், மூக்கிலிருந்து மாதிரி எடுப்பார்கள், புண் இருந்தால் அதிலிருந்தும் எடுப்பார்கள், அரை மணி நேரம் கேள்வி கேட்பார்கள். முதல் கட்டத்தில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

முதல் கட்டத்தில் மாதிரி கொடுத்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். அவருக்கு நீங்கள் போட்ட எண் 47. அந்த அறிவித்தலைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சித்தியிடமிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. 2021இல் அவருக்கு வயது 34, கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். கொரோனாக் காலம், பஸ் ஒழுங்காக ஓடவில்லை. குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போவார், பால் கொடுக்க இடையில் ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி வருவார். ஒரு நாள் இடது மார்பு சிவந்து, கனத்து, தொட்டால் சுட்டது. பால்கட்டு என்று லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். டிஸ்பென்சரியிலும் அதையே சொல்லி ஏழு நாளுக்கு அமொக்சிசிலின் கொடுத்தார்கள். வடியவில்லை. மறுபடி ஏழு நாள். அப்புறம் டவுனில் ஒரு இடத்தில் வேறு மாத்திரை, பத்து நாள். பிறகு இன்னொன்று. ஒரு நாள் குளிக்க வார்க்கும்போது அம்மாதான் பார்த்தார், மார்புத் தோல் தோடம்பழத் தோல் மாதிரி குழி குழியாகக் கிடந்தது. கடைசியில் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு வைத்தியர் பார்த்தவுடனே ஸ்கானுக்கும் தசைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கவும் எழுதினார். அழற்சி வகை மார்புப் புற்றுநோய். முதல் சிவப்புக்கும் அந்த அறிக்கைக்கும் இடையில் நாலரை மாதம் போயிருந்தது. 2022 தைப்பொங்கலைச் சித்தி பார்க்கவில்லை.

பால் கொடுக்கிற மார்பு சிவந்து வீங்கினால் அது பெரும்பாலும் கிருமித் தொற்றுத்தான். அதற்கு முதலில் அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்ப்பதில் பிழை இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். அழற்சி வகைப் புற்றுநோய் அபூர்வம், மார்புப் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட அது இருக்காது. பெரும்பாலும் கட்டியாகத் தட்டுப்படாமலே வரும். புற்றுக் கலங்கள் தோலுக்குக் கீழே இருக்கும் நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடுவதால்தான் அந்தச் சிவப்பும் வீக்கமும். ஆகவே ஒரு கோஸ் மருந்தில் வடியாத மார்புக்கு இரண்டாவது, மூன்றாவது கோஸ் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது, ஸ்கானுக்கு அனுப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்புப் புற்றுநோய்த் திட்டத்தில், ஒரு பெண் முதல் தடவை வைத்தியரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும் என்று இருக்கிறது. சித்தி அந்த 60 நாளையும் தாண்டி, இன்னொரு 60 நாளையும் தாண்டி, மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். புற்றுநோயைத் தொடவே முடியாத மருந்து அது. அவர் உடம்பில் இருந்த பக்டீரியாக்களுக்கு அந்த மருந்தைத் தாங்கிக்கொள்ளப் பழக்கியதுதான் மிச்சம்.

சித்தி போன பிறகு அம்மாவுக்குப் பயம் வந்தது. அந்தப் பயம்தான் அவரைக் காப்பாற்றியது. பெண்களுக்கு நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குத் தானாகவே போனார். வலது மார்பில் புளியங்கொட்டையை விடச் சற்றுப் பெரிதாக ஒரு கட்டி. 2023 பெப்ரவரி 21ஆம் தேதி கீழே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து மார்பை எடுத்தார்கள். அந்த வைத்தியர்களையும் தாதிமாரையும் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த சில நாளில் தையல் ஓரமாகச் சிவந்து கசியத் தொடங்கியது. கிட்டத்துக் கிளினிக்கில் காட்டினோம். குளொக்சசிலின் மாத்திரை கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றேன். கையுறை போட்ட ஓர் இளம் வைத்தியர் அம்மாவின் கட்டை அவிழ்த்தார். நுனியில் பஞ்சு சுற்றிய ஒரு மெல்லிய குச்சியை எடுத்து, வாய் திறந்திருந்த தையலுக்குள் மெதுவாக உருட்டினார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்தார். அடியில் கூழ் மாதிரி ஏதோ இருந்த குழாய்க்குள் அந்தக் குச்சியை இறக்கி, நீல மூடியை அழுத்தி, ஒரு துண்டுத் தாளில் 47 என்று எழுதி ஒட்டினார். அம்மாவின் பெயர் இன்னொரு கொப்பியில் இருந்தது. கட்டை மறுபடி அழகாகக் கட்டிவிட்டார். போகும்போது ஒரு சவர்க்காரமும் ஒரு துவாயும் கொடுத்தீர்கள். மலையிலிருந்து இறங்கி வந்து மூக்கைக் காட்டிய மற்றப் பெண்களுக்கும் அதே சவர்க்காரம், அதே துவாய். நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருந்த காலம் அது. அன்றைக்கு அவர்களில் பலருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை அம்மா குளொக்சசிலின் குடித்தார். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை, நான்தான் எண்ணிக் கொடுத்தேன். தினமும் காலையில் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுவேன். பத்தாம் நாள் கட்டுத் துணி மஞ்சளாக நனைந்திருந்தது. பதினைந்தாம் நாள் தையல் இரண்டு இடத்தில் பிரிந்து, உள்ளே விரல் நுனி போகுமளவு பள்ளம். லயக் காம்பராவின் கதவைத் திறக்கும்போதே வாடை தெரியும். ஏப்ரல் 5ஆம் தேதி இரவு காய்ச்சல் ஏறி அம்மா பிதற்றத் தொடங்கினார். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். அம்புலன்ஸ் தோட்டத்துக்குள் ஏற முடியாததால் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி ரோட்டுக்கு இறக்கினோம். ஆஸ்பத்திரியில் அவர்களே மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். மூன்றாம் நாள் மருந்து மாறியது. நரம்பு வழியாக வன்கொமைசின் ஏற்றினார்கள். பதினாறு நாள் வாட்டில் இருந்தோம்.

புண் ஆறாமல் கீமோ தொடங்க முடியாது. கடைசியில் ஜூன் 12ஆம் தேதிதான் தொடங்கினார்கள். சத்திரசிகிச்சை முடிந்து 111ஆவது நாள். 90 நாளுக்கு மேல் கீமோ தள்ளிப்போன பெண்களுக்கு உயிர் ஆபத்து கூடுகிறது என்பதை எனக்குச் சொல்லித் தந்ததும் உங்களைப் போன்றவர்கள் செய்த ஆய்வுதான்.

உங்கள் முடிவு எப்போதாவது வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். 2025 தொடக்கத்தில் உங்கள் தாளில் இருந்த இலக்கத்துக்கு நானே அழைத்தேன். பல தடவைக்குப் பிறகு உங்கள் குழுவில் இருந்த ஒரு பிள்ளை எடுத்தார். நல்ல பிள்ளை. "47ஆம் எண்ணா? பொறுங்க டீச்சர்" என்று தேடிப் பார்த்து வாசித்தார். மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டெபிலோகொக்கஸ் பக்டீரியா. குளொக்சசிலின் வேலை செய்யாது. கோ-அமொக்சிக்ளேவ், செஃபலெக்சின் எதுவும் வேலை செய்யாது. வன்கொமைசினுக்கு அடங்கும். எந்தத் தேதியில் முடிவு வந்தது என்று கேட்டேன். மார்ச் 17 என்றார்.

மாதிரி எடுத்து மூன்றாம் நாள். குச்சியில் இருந்ததைத் தட்டில் பூசி, ஒரு நாள் வளரவிட்டு, வளர்ந்த கிருமியை இன்னொரு தட்டில் பூசி, மருந்து ஊறிய சின்ன வில்லைகளை அதன் மேல் வைத்து, மறுநாள் எந்த வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழுகிறது என்று பார்ப்பார்கள் என்று அந்தப் பிள்ளைதான் விளக்கினார். அப்படியென்றால் அம்மாவின் தட்டில் குளொக்சசிலின் போன்ற பீட்டா-லாக்டம் வகை மருந்துகளுக்குக் கிருமி அடங்கவில்லை என்பதை உங்களில் யாரோ மார்ச் 17ஆம் தேதி கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, எழுதி, கணினியில் பதிந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் நான் அதே மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தனி ஆளுடைய முடிவைத் திருப்பிக் கொடுப்பது ஆய்வுத் திட்டத்தில் இல்லை என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் திட்டத்தை எழுதியவர்களிடமும், வாசித்துவிட்டு அனுமதி என்று கையெழுத்துப் போட்டவர்களிடமும்தான் கேட்கிறேன்.

ஆய்வில் பெயரை மறைப்பது எங்களைப் பாதுகாக்கத்தான், அது எனக்குப் புரிகிறது. பெயர் எழுதிய கொப்பி உங்களிடம் பத்திரமாகத்தானே இருந்தது? அதில் எங்கள் தொலைபேசி இலக்கமும் இருந்தது. ஆய்வுகூட முடிவு வேறு, சிகிச்சைக்கான முடிவு வேறு, ஆய்வுக்காகச் செய்ததை வைத்து மருந்து எழுத முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, எழுத வேண்டாம். "இந்த அம்மாவின் புண்ணில் அடங்காத கிருமி தெரிகிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி பரிசோதியுங்கள்" என்று ஒரு வரி போதுமாக இருந்தது. மருத்துவ ஆய்வுகளுக்கு உலகமே அடிப்படையாக வைத்திருக்கும் ஹெல்சிங்கி பிரகடனத்தை 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்டது. ஆய்வில் பங்கெடுத்தவர்கள் விரும்பினால் அதன் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்று 2013இல் திருத்திய வடிவத்திலேயே எழுதியிருக்கிறது. எங்களுக்கு அந்தப் பொதுவான முடிவும் வரவில்லை, தனி முடிவும் வரவில்லை.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்குத்தான் அது மற்றவர்களை விட அதிகமாக வேண்டும். மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக மட்டும் 2019ஆம் ஆண்டில் உலகத்தில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு உரையில், மருந்தைக் குறைந்த அளவில் எடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். எங்கள் லயங்களில் நடப்பது அதுதான். காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். பக்கத்துக் காம்பரா பிள்ளைக்கு இருமல் வந்தால் அதிலிருந்து இரண்டு கொடுப்போம். டவுனுக்குப் போனால் வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமலே ஆறு மாத்திரை வாங்கலாம். நாங்கள் செய்யும் பிழையை நான் மறைக்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டு, ஹட்டனுக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, மறுபடி கிளினிக் தேதி வாங்க வேண்டும் என்றால் டின்னுக்குள் கை போகத்தான் செய்கிறது.

அந்த ஸ்டெபிலோகொக்கஸ் மூக்கிலும் தோலிலும் சத்தமில்லாமல் இருக்கும், கையாலும் துணியாலும் பரவும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் நாங்கள் ஐந்து பேர் படுக்கிறோம். நீங்கள் கொடுத்த அந்தத் துவாயைத்தான் அம்மாவும் சித்தியின் மகளும் பாவித்தார்கள். முடிவு மட்டும் வந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

இன்னொன்று. உங்கள் கேள்வித்தாளில் குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்புப் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம், தங்கைக்கு, 34 வயதில் என்று அம்மா சொன்னார். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனீர்கள். மார்புப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பரம்பரையாக வருவது. அதற்கான முக்கியமான இரண்டு மரபணுக்களை 1994, 1995ஆம் ஆண்டுகளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மரபணுக்களில் கோளாறு உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்புப் புற்றுநோய் வருகிறது. அக்கா தங்கை இருவருக்கும் வந்தால், அதிலும் ஒருவருக்கு அவ்வளவு இளவயதில் வந்தால், பரிசோதிக்க வேண்டிய குடும்பம் என்று உங்களுக்குத் தெரியாமலா அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? எனக்கு 29 வயது. சித்தியின் மகள் இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். எங்கள் இருவருக்கும் அந்தப் பதிலில் பங்கு இருக்கிறது. எங்களிடம் அது இல்லாமலும் இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று எங்கே போய்க் கேட்பது என்றாவது நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

சம்மதப் படிவத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் ஆங்கிலம். பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசும் நுவரெலியா மாவட்டத்தில், தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதிய நாட்டில். தோட்டத்து எழுதுவினைஞர் ஒருவர் நின்றபடி இரண்டு நிமிடத்தில் விளக்கம் சொன்னார். பக்கத்தில் கங்காணி நின்றார். அந்த இடத்தில் மாட்டேன் என்று எந்தப் பெண் சொல்வாள்? பலர் எதற்கு என்று தெரியாமலே கையெழுத்து வைத்தார்கள். அரசாங்கம் தடுப்பூசிக்குப் பதிகிறது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். படிவத்தின் பிரதி ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

இரண்டாம் கட்டத்துக்கு ஒரு குச்சியைத் திறக்க முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு வாருங்கள். முதல் கட்டத்தில் எத்தனை பேரின் மாதிரியில் என்ன கிருமி இருந்தது, எந்த மருந்து வேலை செய்யவில்லை என்பதைத் தமிழில் சொல்லுங்கள். நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்து கேட்போம். அன்றைக்கே 2023இல் மாதிரி கொடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய முடிவைத் தனியாக, ஒரு மூடிய உறையில், தமிழில் கொடுங்கள்.

இனி எடுக்கும் மாதிரிகளில் சிகிச்சையை மாற்றக்கூடிய எது தெரிந்தாலும், தெரிந்த அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், அவர் காட்டும் கிளினிக்குக்கும் எழுத்தில் அறிவியுங்கள். குழுவில் இன்னார்தான் இதற்குப் பொறுப்பு என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். குடும்பத்தில் புற்றுநோய் இருப்பதாகச் சொன்ன பெண்களுக்கு மரபணுப் பரிசோதனைக்கு எங்கே, எப்படிப் போவது என்று துண்டு எழுதிக் கொடுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். முதல் நாளே கொடுங்கள், வீட்டில் வைத்து யோசிக்க ஓர் இரவு வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட தோட்ட நிர்வாகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பெண் வரட்டும், நானே வருகிறேன். கையெழுத்து வைக்கும் இடத்தில் கங்காணியோ துரையோ நிற்கக் கூடாது. அன்றைய முழுப் பேரையும் உங்கள் ஆய்வுப் பணத்திலிருந்து கொடுங்கள். சவர்க்காரமும் துவாயும் வேண்டாம்.

வருகிற வழியில் எங்கள் டிஸ்பென்சரி ஐயாவோடும் மருத்துவிச்சியோடும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு கோஸ் மருந்தில் வடியாத மார்பை அடுத்த நாளே எங்கே அனுப்புவது, யாருக்கு அழைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி அந்தக் கதவிலேயே, உங்கள் அறிவித்தலுக்குப் பக்கத்தில், ஒட்டிவிட்டுப் போங்கள்.

நெறிமுறை மீளாய்வுக் குழுக்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை தனியாக இருக்கிறது. தோட்டங்களில் நடக்கும் எந்த ஆய்வுக்கும், முடிவு எப்படித் திரும்பிப் போகும் என்று எழுதாமல் அனுமதி கொடுக்காதீர்கள். இரண்டாம் கட்டத்துக்குக் கேட்டு வந்தால், முதல் கட்டத்தில் சொன்னீர்களா என்று கேளுங்கள். இந்த விண்ணப்பங்களை வாசிக்கும் மேசையில் தோட்டத்திலிருந்து வந்த தமிழ் பேசும் ஒரு பெண்ணையும் உட்கார வையுங்கள்.

அறிவித்தலைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது, கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மார்புப் புற்றுநோய்க்கான தெமொக்சிஃபென் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "குடுக்கிறேன்டி. நம்ம பிள்ளைகளுக்கு ஆகும்னா குடுக்கத்தானே வேணும். ஆனா இந்தத் தடவை என்னா வந்திச்சின்னு சொல்லச் சொல்லு" என்றார்.

அம்மா வருவார். அவருடைய பழைய முடிவை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
47ஆம் எண்ணின் மகள்,
மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை.